பொட்டலத்துக்காக

மெத்தைக்காரருக்கு இரண்டாம் கல்யாணம் என்று தெரிந்ததும் சபையில் பாதிப் பேர் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னார்கள். மீதிப் பேர் சாப்பாடு எந்த மண்டபத்தில் என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொன்ன ஆள் ஒருவர்கூட இல்லை. ஊரே ஒரு குரலில் நல்லது என்று சொல்கிற காரியத்தைப் பார்த்துக் கொஞ்சம் பயப்பட வேண்டும் என்று இப்போது யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அன்றைக்கு அது யாருக்குத் தோன்றியது?

கீழே கடை, மேலே வீடு. ஒரு பக்கம் கண்ணாடி அறுக்கிற கடை, இன்னொரு பக்கம் சைக்கிள் கடை. கடைக்குப் பின்னால் சின்ன முற்றம் உண்டு. வெயில் விழும் நாட்களில் அங்கேதான் பழைய பஞ்சைப் பரப்பிக் காயப்போடுவார். பழைய மெத்தையைப் பிரித்துப் புதிதாக்கும் வேலைதான் அவருக்கு அதிகம் வரும். பிரித்தால் உள்ளே என்னென்னவோ கிடைக்கும். ஒற்றைக் கம்மல், மாத்திரை அட்டை, பிள்ளைகள் ஒளித்து வைத்த பென்சில். ஆள் படுத்த பள்ளம் பஞ்சிலேயே பதிந்திருக்கும். அந்த வீட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து படுக்கிறவர்களா, ஆளுக்கொரு ஓரமாகத் திரும்பிக்கொள்கிறவர்களா என்று பள்ளத்தைப் பார்த்தே அவர் சொல்லிவிடுவார். வெளியே யாரிடமும் மூச்சு விட்டதில்லை. மனைவியிடம் மட்டும் சொல்வார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

அவர்களுக்குப் பல வருஷமாகப் பிள்ளை இல்லை. பார்க்காத வைத்தியமில்லை, பண்ணாத ஜெபமில்லை. கடைசியில் குழந்தைகள் இல்லத்தில் போய்ப் பேர் கொடுத்தார்கள். அங்கே முறை என்னவென்றால், முதலில் குழந்தையை வளர்க்கத்தான் கொடுப்பார்கள். கோர்ட்டில் உத்தரவு வந்த பிறகுதான் பிள்ளை சொந்தம். குழந்தையை வாங்கப் போன அன்று நல்ல மழை. குளிர் தாக்காமல் இருக்க இல்லத்து ஆயா ஒரு போர்வையால் தலையோடு காலாகச் சுற்றி மூக்கை மட்டும் வெளியே விட்டுக் கொடுத்தாள். மனைவி கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "கடையில பொட்டலம் மடிச்ச மாதிரில்ல கொடுத்திருக்காங்க" என்றாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பேர்தான் பொட்டலம். உத்தரவு வந்ததும் நல்ல பேராக வைத்து ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்று போதகர் சொல்லியிருந்தார்.

உத்தரவு வரவில்லை. இன்று நாளை என்று இழுத்துக்கொண்டே போனது. அதற்குள் மனைவிக்குக் காமாலை கண்டது. வெறும் அசதி என்றுதான் இருவரும் நினைத்தார்கள். கண் மஞ்சளான பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடி என்ன பிரயோஜனம்? பொட்டலத்துக்கு மூன்று வயது நடக்கும்போது அவள் போய்ச் சேர்ந்தாள்.

அதற்குப் பிறகு பிள்ளையை வளர்ப்பது மெத்தைக்காரரின் தனிப்பாடாயிற்று. ஆள் இல்லாத வீட்டில் பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு திண்டாடினார். சோறு குழைந்துபோகும், இல்லாவிட்டால் அடிப்பிடிக்கும். குளிப்பாட்டும்போது காதில் தண்ணீர் போகும். சடை பின்னக் கற்றுக்கொண்டார்; அது மெத்தை ஓரத்தில் வைத்துத் தைக்கிற வடம் மாதிரி தடித்து விறைத்து நின்றது. பாலர் பள்ளியில் மற்றப் பிள்ளைகள் அதைப் பிடித்து மணி அடித்து விளையாடின. பொட்டலத்துக்கு அதில் வருத்தமே இல்லை. கடையில் பஞ்சுக் குவியலுக்குள் புகுந்து தலையெல்லாம் வெள்ளையாக வெளியே வந்து, "அப்பா, நான் கிழவி ஆயிட்டேன்" என்பாள். தும்முவாள். மறுபடியும் புகுந்துகொள்வாள். அந்தப் பிள்ளை மட்டும் இல்லாவிட்டால் மனைவிக்குப் பின்னாலேயே அவரும் போயிருப்பார். இதை மிகையாகச் சொல்லவில்லை.

துக்கம் விசாரிக்க இல்லத்திலிருந்து ஒரு மேடம் வந்தார். தத்துக் காரியமெல்லாம் அவர் பொறுப்பு. கண்டிப்பான ஆள், ஆனால் ஈரமுள்ளவர். மாடிக்குப் போய்ப் படுக்கும் இடம், சமைக்கும் இடம், குளிக்கும் இடம் எல்லாவற்றையும் பார்த்தார். பொட்டலத்தை மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் பேசினார். இறங்கி வரும்போது படிக்கட்டில் நின்று சொன்னார்:

"நீங்களும் உங்க மனைவியும் சேர்ந்து போட்ட மனு அப்படியேதான் நிக்குது. அதை நான் பாத்துக்கறேன். ஆனா பொம்பளப் புள்ள. தனி ஆம்பளை கையில கொடுக்க ஜட்ஜ் யோசிப்பாரு. வீட்டுல ஒரு பொம்பளை இருக்கணும். சீக்கிரம் ஒரு ஏற்பாடு பண்ணுங்க."

இவ்வளவுதான் அவர் சொன்னது. மெத்தைக்காரர் தலையை ஆட்டினார். எந்தப் பொம்பளை, என்ன ஏற்பாடு என்று திருப்பிக் கேட்கவில்லை. பெரிய இடத்து ஆட்களிடம் இரண்டாவது கேள்வி கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

இப்போது ஆல்டோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சபையின் பாடகர் குழுவில் இரண்டாம் குரல் பாடுகிறவள் அவள். அந்தக் குரலுக்கு ஆல்டோ என்று பேர். மற்றப் பெண்களெல்லாம் மேல்குரலில் போட்டி போட்டுக்கொண்டு கூவும்போது, அடியில் ஒரு குரல் சத்தமில்லாமல் பாட்டைத் தாங்கிக்கொண்டு போகும். அது அவளுடையது. சின்னப் பிள்ளைகள் ஆல்டோ அக்கா என்று கூப்பிடப் போய், நாளடைவில் அவளுடைய சொந்தப் பேரே எல்லாருக்கும் மறந்துவிட்டது. வயது முப்பத்தைந்துக்கு மேல். கல்யாணம் ஆகவில்லை. அம்மா இல்லாத வீட்டில் பக்கவாதத்தில் விழுந்த அப்பாவை அவர் சாகும்வரை தூக்கிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தவள். பெண் பார்க்க வந்தவர்கள் கட்டிலைப் பார்த்துவிட்டுக் காபியைக்கூட முழுசாகக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

மெத்தைக் கடைக்கு உறை தைத்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. முன்பெல்லாம் வீட்டிலேயே தைத்துக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவாள். அப்பா போன பிறகு மெஷினைக் கடையின் பின்பக்கம் கொண்டுவந்து போட்டுக்கொண்டாள். மனைவி உயிரோடு இருந்த காலத்தில்தான் இது நடந்தது, அவள்தான் கூப்பிட்டாள். அவள் போன பிறகு பொட்டலத்தின் சடையைப் பார்க்கச் சகிக்காமல் ஒருநாள் ஆல்டோ அவர் கையிலிருந்து சீப்பை வாங்கினாள். பிறகு குளிப்பாட்டல். பிறகு மாடிக்குப் போய் ஒரு கூட்டு, ஒரு ரசம். இருட்டுவதற்குள் இறங்கி வீட்டுக்குப் போய்விடுவாள்.

தெருவில் எல்லாரும் அவரை அண்ணே என்பார்கள். பாடகர் குழுவில் எல்லாப் பெண்களுக்கும் அவர் அண்ணன்தான். ஆல்டோ மட்டும் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "இங்க பாருங்க" என்பாள், "கேட்டீங்களா" என்பாள், எதுவும் வாய்க்கு வராவிட்டால் கத்தரிக்கோலால் மேஜையைத் தட்டுவாள். மெத்தைக்காரர் இதைக் கவனித்தார். கவனித்ததை வெளியே காட்டாமல் வைத்துக்கொண்டார். அவரும் அவளைத் தங்கச்சி என்று சொல்லாமல் எத்தனை பாடுபட்டு வார்த்தையைச் சுற்றி வளைத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

மேடம் வந்துபோன செய்தி கேட்டு அவருடைய அக்கா பெட்டியோடு வந்து இறங்கினாள். விதவை. பிள்ளைகளெல்லாம் தூரதேசத்தில். "நான் இருக்கேன்டா, நானும் பொம்பளைதானே" என்றாள். நல்ல மனசு, ஆனால் வாய் ஓயாது. சாம்பாரில் உப்பு, பக்கத்துக் கடைக்காரன் நடத்தை, தம்பி தலைசீவுகிற லட்சணம் என்று ஒன்றையும் விடமாட்டாள். பொட்டலத்துக்கு அவளைப் பிடித்துத்தான் இருந்தது. அத்தையின் சுருக்கம் விழுந்த கையை இழுத்து இழுத்து விட்டு விளையாடுவாள். ஆனால் அத்தை வந்த நாளிலிருந்து ஆல்டோ மாடிப்படி ஏறுவது நின்றுபோனது. மாடியில் ஒரு பெரியவள் இருக்கும்போது தனக்கென்ன வேலை என்று மெஷினோடு நிறுத்திக்கொண்டாள். பொழுது சாய்ந்தால் துணியை மடித்து வைத்துவிட்டு நேரே போய்விடுவாள்.

இரண்டு வாரத்தில் மெத்தைக்காரர் அக்காவை ரயில் ஏற்றிவிட்டார். பிள்ளைக்கு ஒத்துவரவில்லை, ராத்திரி குறட்டையில் பயப்படுகிறாள் என்று காரணம் சொன்னார். அக்கா ஜன்னல் வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி நகரும்போது, "உனக்கு ஒத்துவரலன்னு சொல்லு, அதென்ன பிள்ளை மேல பழியப் போடுற" என்றாள். அவர் கேட்காதவர் மாதிரி கையை ஆட்டினார்.

ஆல்டோ மறுபடி படி ஏறினாள். சபையில் ஜாடைமாடையாகப் பேச்சும் கிளம்பியது. போதகர் ஒரு சாயங்காலம் கடைக்கு வந்து, புதுமெத்தை ஒன்றின் மேல் உட்கார்ந்து, அது அமுங்குகிற சுகத்தில் கொஞ்ச நேரம் வந்த காரியத்தையே மறந்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இல்லத்து மேடம் என்ன சொன்னார் என்று விசாரித்தார். மெத்தைக்காரர் சொன்னார். போதகர் கையை விரித்தார். வீட்டில் ஒரு பொம்பளை என்றால் வேலைக்காரியையா சொல்லியிருப்பார்? மனைவி என்றுதான் அர்த்தம். நாகரிகமானவர், அதனால் பச்சையாகச் சொல்லவில்லை. பிள்ளைக்கும் தாய் கிடைப்பாள், ஊர் வாயும் அடங்கும், அந்தப் பெண்ணுக்கும் ஒரு வாழ்வு. இதைவிடத் தெளிவாகக் கர்த்தர் எப்படிப் பேசுவார் என்று கேட்டார். மெத்தைக்காரர் பிடித்தார் அந்த வார்த்தையை. தான் ஆசைப்பட்டதையே கர்த்தரும் சொல்கிறார் என்றால் எந்த மனுஷன் வேண்டாம் என்பான்? இருவரும் முழங்கால் படியிட்டு ஜெபித்தார்கள். ஜெபத்தில் அவர் அழுதார். நன்றியில் அழுகிறார் என்று போதகர் நினைத்தார். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

மேடத்துக்கு ஒரு போன் பண்ணிக் கேட்கலாம் என்று அப்போதும் யாருக்கும் தோன்றவில்லை.

மெத்தைக்கு முடிச்சுப் போடுவது ஒற்றை ஆளின் வேலை அல்ல. பஞ்சு நகராமல் இருக்க மெத்தையின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்கு நூலை இழுத்து, துண்டுத் துணி வைத்து இறுக்கி முடிய வேண்டும். மெத்தையைச் சட்டத்தில் நிமிர்த்திக் கட்டி, இருவர் இருபுறமும் நிற்பார்கள். ஒருவர் முழ நீள ஊசியைக் குத்தித் தள்ள, மறுபக்கம் வாங்குகிறவர் ஒரு விரல் தள்ளித் திருப்பி அனுப்புவார். நடுவில் மெத்தை சுவர் மாதிரி நிற்கும். ஆள் முகம் ஆளுக்குத் தெரியாது. மனைவி நின்ற பக்கத்தில் இப்போது ஆல்டோ நின்றாள்.

அன்றைக்கு மழைக்கு முன்னான புழுக்கம். பஞ்சு ஈரம் குடித்துக் கனத்திருந்தது. ஊசி லேசில் இறங்கவில்லை. பொட்டலம் மெத்தையின் அடியில் குனிந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி, ஊசி வருது ஊசி வருது என்று கட்டியம் கூறிக்கொண்டிருந்தாள். பிறகு அலுத்துப்போய் சைக்கிள் கடையில் மணி அடிக்கப் போய்விட்டாள். மெத்தைக்காரர் ஊசியைத் தள்ளினார். அது அந்தப் பக்கம் போனதும் சொன்னார்:

"ஒரு காரியம் கேக்கணும். பொட்டலத்துக்காகக் கேக்குறேன். வீட்டுல ஒரு பொம்பளை இல்லன்னா பிள்ளையக் கொடுக்க மாட்டாங்களாம். நீங்க சம்மதிச்சா போதகர்கிட்ட சொல்லிடலாம்."

எத்தனையோ நாளாக மனசுக்குள் வைத்திருந்த வேறு வார்த்தைகள் இருந்தன. மனைவி போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் அந்த வார்த்தைகளைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. பிள்ளையை முன்னால் நிறுத்திவிட்டால் கூச்சம் இல்லை.

ஊசி வரவில்லை. கண்ணாடிக் கடையில் யாரோ கண்ணாடி கீறுகிற சத்தம் மட்டும் கிரீச்சென்று கேட்டது. பிறகு ஊசிமுனை வெளியே வந்தது.

"பொட்டலத்துக்காகன்னா சரி" என்றாள் ஆல்டோ.

அந்தப் பதிலில் அவருக்குச் சந்தோஷமும் வந்தது, சின்னதாக ஒரு குறையும் தங்கியது. பிள்ளைக்காகத்தான் வருகிறாள் என்று எண்ணிக்கொண்டார். பரவாயில்லை, வந்த பிறகு மெல்ல மெல்ல என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை சபையில் ஓலை வாசிப்பது வழக்கம். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் இப்போதே சொல்ல வேண்டும் என்று போதகர் கேட்பார். மூன்று தடவையும் அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகச் சபையைப் பார்த்துக் கேட்டார். மூன்று தடவையும் யாரோ இருமினார்கள், எல்லாரும் சிரித்தார்கள். தடை தெரிந்த ஒரே ஆள் அந்த மேடம். அவர் அந்தச் சபைக்கு வருகிறவர் அல்ல. அக்கா கடைசி ஓலைக்கு வந்திருந்தாள். ஆல்டோவை ஏற இறங்கப் பார்த்து, "இதுக்குத்தான் என்னைய ரயிலேத்துனியா" என்று தம்பியின் காதில் கேட்டு, அவர் முழித்த முழியில் திருப்தியாகி, புதுப்பெண்ணின் கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்தாள்.

கல்யாணம் சின்னதாகத்தான் நடந்தது. மணப்பெண்ணுக்குப் பின்னால் பூக்கூடையோடு வந்த பொட்டலம், பாதி வழியில் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். அன்றைக்கு ஆல்டோ இல்லாமல் பாடகர் குழு பாடியது; பாட்டு ஒரு கால் இல்லாத மேஜை மாதிரி ஆடியது. மணமேடையில் நின்ற ஆல்டோவுக்குப் பொறுக்கவில்லை. முக்காட்டுக்குள்ளிருந்து தன் குரலை மெல்ல எடுத்துவிட்டாள். பக்கத்தில் நின்ற மெத்தைக்காரருக்கு உடம்பு சிலிர்த்தது. இந்தக் குரல் இனி நம் வீட்டில் என்று நினைத்துக்கொண்டார்.

ஆறேழு வாரம் அந்த வீட்டில் நல்ல நாட்கள். பொட்டலம் அவளை ஆல்டோ அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாள். இருவருக்கும் நடுவில் படுத்துக்கொண்டு ஆளுக்கொரு காதைப் பிடித்துக்கொள்வாள். ஆல்டோ அவரிடம் மரியாதையாகத்தான் இருந்தாள். அவரும் விலகித்தான் இருந்தார். பிள்ளைக்காக வந்தவளை அவசரப்படுத்தக் கூடாது என்று அவர் இருந்தார். ஆனாலும் மாவு பிசைந்துகொண்டே அவள் ஏதாவது பாட்டை முனகும்போது படிக்கட்டில் உட்கார்ந்து கேட்பார். ஒருநாள் அவள் திரும்பிப் பார்த்துவிட்டாள். பாட்டை நிறுத்தவில்லை.

மேடம் வருகிற நாளைக்கு வீட்டைக் கழுவி விட்டார்கள். சுவரில் கல்யாணப் படத்தை மாட்டினார் மெத்தைக்காரர். உள்ளே வந்ததும் கண்ணில் படவேண்டும் என்று வாசலுக்கு எதிரேயே மாட்டினார். மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார். படத்தைப் பார்த்தார். ஆல்டோ தேநீர் கொண்டுவந்து நீட்டினாள். மேடம் வாங்கிக்கொண்டு, வாயில் வைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இது எப்ப நடந்துச்சு?"

மெத்தைக்காரர் பெருமையாகச் சொன்னார்.

"எங்கிட்ட ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"நீங்கதானேம்மா சொன்னீங்க, வீட்டுல ஒரு பொம்பளை இருக்கணும்னு."

"பொம்பளைன்னா அக்கா, தங்கச்சி, யாராவது சொந்தக்காரங்கன்னு சொன்னேன். உங்களுக்கு ஒரு அக்கா இருக்காங்கன்னு மனுவுலயே எழுதியிருந்தீங்களே. அவங்க வந்து இருந்தா போதுமே."

அதற்குப் பிறகு அவர் சொன்னதை நிதானமாக, இரண்டு தடவை சொன்னார். மனைவியை இழந்தவர், அதே வீடு, அதே குடும்பம் என்றுதான் பழைய மனு இதுவரை நின்றது. இப்போது குடும்பமே வேறு. பழைய மனு செத்தது. இனி இவர்கள் புதுத் தம்பதி. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆன தம்பதிதான் புதிதாக மனுவே போட முடியும். அதுவரை பிள்ளை இங்கேயே இருக்கட்டுமே என்று மெத்தைக்காரர் கேட்டார். மனு இல்லாத வீட்டில் பிள்ளையை ஒருநாள்கூட விட்டுவைக்கச் சட்டம் இல்லை. எல்லாம் சரியாக உள்ளவர்கள் வருஷக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள் என்றார் மேடம். உத்தரவு அடுத்த மாதம் வருவதாக இருந்தது என்றும் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஆல்டோ சமையல்கட்டு வாசலில் நின்றபடி கேட்டாள். "நான் போயிட்டா? இந்தக் கல்யாணம் இல்லன்னு எழுதிக் கொடுத்துட்டா?"

மெத்தைக்காரர் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். மேடம் இல்லை என்று தலையை ஆட்டினார். கல்யாணம் பண்ணிப் பிரிந்தவர் என்றால் இன்னும் மோசம், வாசலிலேயே தள்ளிவிடுவார்கள். தேநீர் ஆடை படிந்து ஆறிப்போனது. பொட்டலம் வந்து மேடத்தின் கைப்பையைத் திறந்து பார்த்து, மிட்டாய் இல்லை என்று அறிவித்துவிட்டுப் போனாள்.

விடவில்லை. போதகர் இல்லத்துக்கு நடந்தார், பெரிய அதிகாரிகளைப் பார்த்தார், தன்மேல்தான் தப்பு என்று எழுதிக் கொடுக்கவும் தயாராக இருந்தார். அந்த மனுஷர் இரண்டு ஞாயிறு பிரசங்கத்தில் வார்த்தை வராமல் நின்றார். அக்கா மறுபடி பெட்டியோடு வந்து, "நான் இருக்கேன்னு சொன்னேனே" என்று ஒரே வரியைச் சொல்லிச் சொல்லி அழுதுவிட்டுப் போனாள். சபை உபவாச ஜெபம் வைத்தது. ஒன்றும் நடக்கவில்லை.

பிள்ளையைக் கொண்டுபோய்விட வேண்டிய நாள் காலையில் ஆல்டோ சடை பின்னிவிட்டாள். நேரமெடுத்துப் பின்னினாள், பிரித்து மறுபடியும் பின்னினாள். எங்கேயோ வெளியே கூட்டிப்போகிறார்கள் என்று பொட்டலத்துக்கு ஏகக் குஷி. புதுச்செருப்பைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக் கடை, சைக்கிள் கடை இரண்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். சைக்கிள் கடைக்காரர் உள்ளே திரும்பிக்கொண்டு எதையோ தேடினார்.

வரிசையில் நின்று, இப்போது பொட்டலத்தை வாங்கிக்கொள்ளப் போகிற தம்பதி இல்லத்து வராந்தாவில் காத்திருந்தார்கள். கெட்டவர்களாக இருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நல்ல மனுஷர்கள். இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல் கும்பிட்டார்கள். அந்த ஆள் தரையில் மண்டியிட்டுப் பிள்ளையின் உயரத்துக்கு வந்து பேர் என்ன என்று கேட்டார். பொட்டலம் என்றாள் அவள். அந்த அம்மா சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல பேரா ஒண்ணு வச்சுக்கலாம்டா செல்லம்" என்றாள்.

மெத்தைக்காரர் சொல்ல நினைத்தது எவ்வளவோ இருந்தது. பாலில் ஆடை இருந்தால் குடிக்க மாட்டாள், இடிக்குப் பயம், மின்னலுக்குப் பயமில்லை, தூங்கும்போது காதைப் பிடித்துக்கொள்ளக் கொடுக்க வேண்டும். ஆல்டோதான் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். பாட்டில் வரி தப்பாமல் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். அந்த அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

பொட்டலத்துக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. அப்பாவின் சட்டையைப் பிடித்தாள். மேடம் ஜாடை காட்டினார், நேரம் இழுக்க இழுக்கக் கஷ்டம் என்று. மெத்தைக்காரர் அந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். கேட் வரைக்கும் அந்த அழுகைச் சத்தம் வந்தது. கேட்டுக்கு வெளியே பஸ் சத்தத்தில் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். நல்ல வசதியான இடமாம், பிள்ளை பாக்கியசாலி என்றார் ஒருவர். போதகரின் மனைவி ஆல்டோவின் கையைப் பிடித்துக்கொண்டு, கர்த்தர் சீக்கிரமே உன் வயிற்றில் ஒன்றைத் தருவார் என்றாள். எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு இருவரும் நடந்தே வீட்டுக்கு வந்தார்கள்.

மத்தியானம் அவள் சோறு போட்டாள். தனக்கும் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். கீழே தெருவில் ஞாயிற்றுக்கிழமை அமைதி. இருவரும் கையை வைக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள். "பொய் சொல்ல வேண்டாம்."

"கேளுங்க."

"அன்னிக்குப் பொட்டலத்துக்காகன்னு கேட்டீங்களே. நெசமாவே பொட்டலத்துக்காகத்தானா?"

ஆமாம் என்று சொன்னால், பிள்ளை போன வீட்டில் இவளுக்கு இனி என்ன இருக்கிறது? இல்லை என்றால், பிள்ளையைப் பறிகொடுத்தது யாருடைய ஆசைக்கு? அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல" என்றார். "அக்காவ அனுப்பினதே அதுக்குத்தான். அவ இருந்தா நீங்க மேல வர மாட்டேங்குறீங்க. பிள்ளைக்கு ஒத்துவரலன்னு சொன்னது பொய். உங்களுக்காகத்தான் கேட்டேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு, பிள்ளை பேரச் சொல்லிட்டேன்."

ஆல்டோ தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவள் கோபப்பட்டால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

"அப்பவே உங்களுக்காகன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா, அப்படி என்ன அவசரம்னு கேட்டிருப்பேன்" என்றாள். "முதல்ல உத்தரவு வரட்டும், அந்த மேடத்துகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்னு சொல்லிருப்பேன். எங்கப்பாவ வச்சுக்கிட்டு எத்தனை வருஷம் இருந்தேன். இதுக்கு இருக்க மாட்டேனா? பிள்ளைக்காகன்னு சொன்னீங்க. பிள்ளை காரியம், தள்ளிப்போடக் கூடாதுன்னு ஓடி வந்தேன்."

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "நீங்க பிள்ளைக்காகத்தானே வந்தீங்க" என்றார்.

அவள் சோற்றைப் பிசைந்தாள்.

"நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டேன். உங்க வீட்டம்மா இருந்தப்பவே எனக்கு உங்களைப் பிடிக்கும். அவங்க போட்ட சோத்தைச் சாப்பிட்டுக்கிட்டு அதை எங்க போய்ச் சொல்லுவேன்? அவங்க போனப்புறமும் சொல்ல வாய் வரல. பொட்டலத்துக்காகன்னு நீங்க கேட்டதும், அப்பாடா தப்பிச்சோம்னு இருந்துச்சு."

இத்தனை மாதமாக அவர் கேட்க ஏங்கிய பேச்சு அதுதான். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரவேண்டும் என்று ஆராதனையில் பாட்டு நடக்கும்போதெல்லாம் ஜெபித்திருக்கிறார். இப்போது வந்துவிட்டது. சந்தோஷம் வருமா என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தார். வரவில்லை.

"ஆறிப்போச்சு, சாப்பிடுங்க" என்றார்.

அவள் சாப்பிட்டாள். அவரும் சாப்பிட்டார்.